பிய்த்துப் போட்ட ரொட்டி



சுற்றுலாவில் மனசில் நிற்பது பார்த்த இடமா, சாப்பிட்ட சாப்பாடா? சாப்பாடுதான்னு அடிச்சுச் சொல்ல வந்திருக்கேன்!

நானும் என் மனைவியும் சீனாவில் சியான் நகரத்துக்குப் போனோம். 1974-ல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டெடுத்த சுடுமண் படையைப் பார்த்தோம். "ரெண்டாயிரம் வருஷமா பக்கத்துல பக்கத்துல நின்னும் ஒருத்தரோட ஒருத்தர் பேசலையே... நம்ம வீடு மாதிரியே இருக்குங்க" என்றாள். (சிரிப்பு)

மறுநாள் கோட்டைச் சுவர். சுற்றளவு ஏறக்குறைய 14 கிலோமீட்டர். மேலேயே வாடகைக்கு ரெட்டை சைக்கிள். நான் முன்னே, அவள் பின்னே. மூச்சு வாங்கியதில் பேச்சே இல்லை!

ராத்திரி சாப்பாட்டுக் கடை. காலிக் கிண்ணமும் கெட்டி ரொட்டியும் கொண்டுவந்து வெச்சான். அதை நாமேதான் பயறு அளவுக்குப் பிய்த்துப் போடணும். அப்புறம்தான் ஆட்டுக்கறிச் சாற்றில் கொதிக்க வெச்சுத் தருவாங்க. பிய்க்க அரை மணி நேரம்! கைக்கு வேலை இருக்கு, வாய் சும்மா இருக்குமா?

"சின்ன வயசுலேர்ந்து சைக்கிள் ஓட்ட ஆசைங்க. பொம்பளப்பிள்ளைக்கு எதுக்குன்னுட்டாங்க. இன்னிக்குத்தான் முதல்முதலா மிதிச்சேன்" என்றாள். 26 வருஷக் குடும்பத்தில் அன்றுதான் கேட்கிறேன்!

நடுவர் அவர்களே, சுவரைக் கண்ணால் பார்த்தேன். அந்தச் சுவர் மேல் என் மனைவிக்கு என்ன கிடைத்தது என்பதை ரொட்டிதான் சொன்னது. ஊரைச் சுற்றினால் ஊர் தெரியும். உட்கார்ந்து சாப்பிட்டால்தான் உறவு தெரியும்!