பந்தைத் தேடி ஒரு தனிப் பயணம்

2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நம் வீட்டுக்கு அடுத்த தெருவில் வாழும் தாயார் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். “சார், என் மகனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தன்னந்தனியாக ரஷ்யாவுக்குப் போகிறானாம். எதற்கென்று கேட்டால், பந்தாட்டம் பார்க்கவாம்!” என்றார். சொல்லும்போதே அவருடைய கண்கள் கலங்கிவிட்டன.

கலக்கத்துக்குக் காரணம் இருந்தது. அவர் கணவரை இழந்தவர். குடியிருந்த வீட்டின் லீஸ் அந்த ஆண்டு முடிவடைய இருந்தது. அதைப் புதுப்பிக்க வீட்டுக்காரர் கூடுதல் தொகை கேட்டிருந்தார். மகன் மூன்று ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பணம் ஒன்றே அவருக்கு நம்பிக்கை. அதைப் பந்து விழுங்கிவிட்டால் என்ன செய்வது?

நேயர்கள் சிலருக்கு இந்தப் பந்துப் பித்து வியப்பாகத் தோன்றலாம். பெங்களூரின் பழைய தண்டுப் பகுதியை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படை இங்கே பாளையம் அமைத்தபோது, அதனுடன் சிப்பாய்களும் தொழிலாளரும் சிறு வணிகருமாகத் தமிழ் மக்கள் பலர் வந்து குடியேறினர். படைவீரர்கள் ஆடிய கால்பந்தை அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் தெருக்களின் பிள்ளைகள் தமதாக்கிக்கொண்டனர். 1948 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், விடுதலை பெற்ற இந்தியாவின் அணி பிரான்சை எதிர்த்து ஆடியது. நம் வீரருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய அந்த ஆட்டத்தில் இந்தியா இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். கௌதமபுரத்தில் பிரேசில் நாட்டு வீரர் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். இத்தகைய ஊரில் பிறந்த பிள்ளை, உலகக் கோப்பையில் பிரேசில் ஆடுவதை ஒருமுறையேனும் நேரில் காண வேண்டும் என்று விரும்பியதில் பிழை உண்டோ?

எனினும், மறுநாள் அந்த இளைஞரை அழைத்து நாம் தடைகளையே அடுக்கினோம். “ரஷ்ய மொழி உமக்கு ஓர் எழுத்தும் தெரியாது. கூட வருவாரும் இல்லை. வழி தவறினால் யாரைக் கேட்பீர்?” என்றோம். மொழிபெயர்ப்பை நம்பிப் பிழைக்கும் நமக்கு, மொழி தெரியாத ஊர் என்றாலே அச்சம். இளைஞரோ பணிவாக ஒரு கேள்வி கேட்டார்: “சார், நீங்கள் இந்த ஊருக்கு வந்தபோது கன்னடம் படித்துக்கொண்டா வந்தீர்கள்?”

நாம் விடை கூறவில்லை. ஏனெனில் நாம் படித்துக்கொண்டு வரவில்லை. மத்திய அரசுப் பணியில் மாற்றலாகி, ஒரு தகரப் பெட்டியுடன் திருச்சியிலிருந்து இவ்வூரில் வந்து இறங்கினோம். முதல் மூன்று வாரங்கள் அலுவலகத்துக்கு வெளியே நம்முடன் பேசியவர் சாப்பாட்டுக் கடைச் சிப்பந்தி ஒருவரே. நான்காம் ஞாயிறன்று பொழுது போகாமல் ஆஸ்டின் டவுன் மைதானத்தின் ஓரமாய்ப் போய் நின்றோம். கற்படியில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் சற்று நகர்ந்து, “உட்காருங்க தம்பி, வெயிலா இருக்கு” என்று இடம் கொடுத்தார். கையிலிருந்த வேர்க்கடலையில் பாதியை நம் கையில் கொட்டினார். ஆட்டம் முடிவதற்குள் எந்த அணி யாருடையது, எந்தத் தெருவில் வாடகைக்கு அறை கிடைக்கும், கன்னடத்தில் விலை கேட்பது எப்படி என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிட்டன. அந்த ஞாயிறுக்குப் பிறகுதான் இவ்வூரில் நமக்கு இருப்புக் கொண்டது.

ஆகவே நாம் தடைகளை விடுத்து நிபந்தனைகள் பேசினோம். லீஸுக்குரிய தொகை தாயாரின் பெயரில் வங்கியில் இருக்க வேண்டும். எஞ்சியது எத்தனை நாளுக்குப் போதுமோ அத்தனை நாளே பயணம். நாள்தோறும் ஒரு செய்தி வீட்டுக்கு வர வேண்டும். ஒரு மாதம் என்று போட்டிருந்த திட்டம் பன்னிரண்டு நாளாகச் சுருங்கியது. அந்த ஆண்டு ரஷ்ய அரசு, ஆட்டச் சீட்டு வைத்திருந்தோருக்கு ரசிகர் அடையாள அட்டை வழங்கியது. அந்த அட்டையுடன் விசா இல்லாமலே நாட்டுக்குள் செல்லலாம். ஆட்டம் நடைபெறும் நகரங்களுக்கிடையே சிறப்பு ரயில்களில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். இவ்வசதி இன்றேல் நம் இளைஞரின் கணக்கு ஒத்து வந்திராது. கிடைத்த சீட்டு கசான் நகரத்துக் கால் இறுதி ஆட்டத்துக்கு. அதில் யார் ஆடுவார் என்பது சீட்டு வாங்கும்போது தெரியாது. பிரேசில் வந்து சேர்ந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

அவர் புறப்படுவதற்கு முன்பே செய்தித்தாள்களில் வேறொரு பயணத்தைப் பற்றிப் படித்தோம். கேரளத்தைச் சேர்ந்த கிளிஃபின் பிரான்சிஸ் என்னும் கணித ஆசிரியர், அர்ஜென்டினாவின் மெஸ்ஸியைக் காணும் ஆசையால், விமானத்தில் துபாய் சென்று அங்கே ஒரு சைக்கிள் வாங்கினார். கப்பலேறி ஈரானில் இறங்கி, அங்கிருந்து மிதித்தே மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி அது. ஜார்ஜியா நாட்டு எல்லையில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்த வழியே மீண்டு, அஜர்பைஜான் வழியாக ரஷ்யாவுக்குள் நுழைந்தார். வழியெங்கும் அவருக்கு உணவளித்து இடம் கொடுத்தவர்கள் முன்பின் அறியாத மக்கள். மொழி ஒவ்வாத இடங்களில் கால்பந்தையும் திரைப்படத்தையும் கொண்டே உரையாடினாராம்.

இத்தனையும் செய்து அவருக்குக் கிடைத்த சீட்டு எதற்குத் தெரியுமா? ஜூன் 26 அன்று மாஸ்கோவில் டென்மார்க்கும் பிரான்சும் ஆடிய ஆட்டத்துக்கு. அந்த உலகக் கோப்பையில் ஒரு கோலும் விழாமல் முடிந்த ஆட்டம் அது ஒன்றுதான். அதே நாளில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மெஸ்ஸி நைஜீரியாவுக்கு எதிராகக் கோல் அடித்தார். நாம் இதைத் தாயாருக்குப் படித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, “அந்தப் பிள்ளையின் அம்மா எத்தனை நாள் தூங்காமல் இருந்தாளோ!” என்றார். பயணக் கதைகளில் எழுதப்படாத பக்கம் இதுவே. தனியே போகிறவர் தம் அச்சத்தை நடையில் மறந்துவிடுவார். வீட்டிலிருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஜூலை 6 அன்று கசானில் பிரேசில், பெல்ஜியத்திடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது. அன்றிரவு செய்தி வரவில்லை. தாயார் நம் வீட்டுத் திண்ணையில் விழித்தபடியே அமர்ந்திருந்தார். நம்மை அறியாமல் நாமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில்தான் மாஸ்கோவிலிருந்து செய்தி வந்தது: கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது, வேறொன்றும் இல்லை.

ஊர் திரும்பியபின் அந்த இரவைப் பற்றி இளைஞர் கூறினார். தோல்வி தாங்காமல் ரயிலில் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாராம். பெட்டிக்குப் பொறுப்பான முதிய பெண்மணி, உலோகப் பிடிக்குள் வைத்த கண்ணாடிக் கோப்பையில் தேநீர் கொணர்ந்து எதிரே வைத்தாராம். காசு கொடுத்தபோது வாங்க மறுத்து ஏதோ சொல்லிச் சென்றாராம். தொழிற்பழக்கத்தால், “அவர் என்ன சொன்னார்?” என்று கேட்டோம். “‘குடி’ என்றுதான் சொல்லியிருப்பார், சார்” என்றார் இளைஞர். அம்மொழிபெயர்ப்பில் நாம் திருத்தம் செய்யவில்லை.

லீஸ் குறித்த நாளில் புதுப்பிக்கப்பட்டது. மகன் கொணர்ந்த மஞ்சள் சட்டை ஒன்றைத் தாயார் இன்றும் மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

பிறந்த ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்களே! உங்கள் பிள்ளைகளுள் ஒருவர் இவ்வாறு புறப்பட நினைத்தால், வீட்டுக்குரிய பணத்தை முதலில் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள், நாள்தோறும் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், பிறகு வழிவிடுங்கள். நாமும் ஒருநாள் ஒரு பெட்டியுடன் மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கியவர்களே. யாரோ ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்ததால் நிலைத்தோம்.

இன்று ஆஸ்டின் டவுன் மைதானத்தின் ஓரத்தில், தொலைவிலுள்ள மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞர்கள் ஞாயிறுதோறும் தனியே நின்று ஆட்டம் பார்க்கிறார்கள். நமக்கு இடம் கொடுத்த முதியவர் இப்போது இல்லை. அந்தக் கற்படியில் அவர் இருந்த இடத்தில் இப்போது நாம் அமர்கிறோம். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டே அமர்கிறோம்.