எத்தனை உறை தெரிகிறது?

(நம் குடியிருப்பில் நடந்த நினைவுக் கூட்டத்தில், மறைந்த ஏ பிளாக் பாட்டியின் மகள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அம்மாவை இந்தக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவர் ‘ஏ பிளாக் பாட்டி’. பெரியவர்கள் சிலருக்கு, அவர் காதில் விழாத தூரத்தில், ‘தண்ணிப் பாட்டி’. அந்தப் பெயர் அம்மாவுக்குத் தெரியும். "கேலிப் பேரா இருந்தாலும் நல்ல பேருதான்டி" என்பார். குழாய் சொட்டும் சத்தம் கேட்டால் எந்த வீட்டுக் கதவையும் தட்டுவார். மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் காவலாளிக்கு முன்னால் அவர் குரல் கேட்கும். அதனால் மனம் சுளித்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். இருந்தும் வந்திருக்கிறீர்கள். அதற்கு முதல் நன்றி.

அவருக்கு ஏன் தண்ணீர் மேல் அப்படி ஒரு பிடிவாதம் என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

அம்மா 1941இல் திருவாரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். காவிரிப் பாசனம். ஜூன் 12 மேட்டூர் திறந்தார்களா என்று கேட்டுத்தான் அந்த ஊரில் கல்யாணத்துக்கே நாள் பார்ப்பார்கள். 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பகுதியைப் பெரும் புயல் தாக்கியபோது அவருக்கு 11 வயது. கூரை போனது, தென்னை சாய்ந்தது என்றெல்லாம் மற்றவர்கள் கதை சொல்வார்கள். அம்மா சொன்னது வேறு. ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வெள்ளம். குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. குளத்தில் மாடுகள் செத்து மிதந்தன. ஒரே ஒரு வீட்டுக் கிணற்றுக்கு மட்டும் சுவர் உயரமாக இருந்ததால் வெள்ளம் உள்ளே புகவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஊரே பல நாள் குடித்ததாம். "அந்த வீட்டுக்காரங்க யாரையும் நீ யாருன்னு கேக்கல" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி முடிப்பார்.

அப்பா காலமான பிறகு, 2011இல், 70 வயதில் அம்மா என்னோடு இங்கே வந்தார். வந்த புதிதில் ஒட்டவே இல்லை. மண் மிதிக்க இடமில்லை, வாசல் தெளிக்க வாசல் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மாதம் கழித்து, பின்பக்கம் ஜெனரேட்டர் அறையை ஒட்டி, பழைய வீட்டுக்காரர் காலத்து உறைக் கிணறு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். உடைந்த நாற்காலிகளும் பெயின்ட் டப்பாக்களும் அதன் மேல் குவிந்திருந்தன. அன்று மாலை அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஊரிலிருந்து சொந்தக்காரர் யாரோ வந்தது போல இருந்தது.

2013 பொதுக்குழுவில், கிணற்றை மூடிவிட்டு இரண்டு கார் நிறுத்தலாம் என்று தீர்மானம் வந்தது. அது நியாயமில்லாத கோரிக்கை அல்ல. கார் நிறுத்த இடமில்லாமல் தெருவில் விட்டுவிட்டுத் தவித்தவர்கள் இருந்தார்கள். அம்மா எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கார் ராத்திரி ரோட்டுல நின்னாலும் தூங்கிடும். தண்ணி இல்லாம நீங்க தூங்குவீங்களா?" சிரிப்பு எழுந்தது. தீர்மானம் தள்ளி வைக்கப்பட்டது.

அதோடு அவர் விடவில்லை. என் மகன் அப்போது எட்டாம் வகுப்பு. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் என்று அவன் பாட்டிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான். நம் மொட்டை மாடி ஆறாயிரம் சதுர அடி. இரண்டு சென்டிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர். "அத்தனையும் ரோட்டுக்கா போகுது?" என்றார். 2003லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். நம் கட்டடத்திலும் குழாய் இருந்தது, அடைத்துக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, மணலும் ஜல்லியும் கரியும் நிரப்பிய தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விட வைத்தார். கிணற்றுச் சுவரை இரண்டடி உயர்த்தச் சொன்னார். ராட்டினத்தைக் கழற்றி எடைக்குப் போடப் போனவர்களைத் தடுத்தார்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு உங்களுக்கே தெரியும். கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. அந்த நாட்களில் கழிப்பறைக்கும் பாத்திரம் கழுவவும் நாற்பது வீட்டுக்கும் கை கொடுத்தது ராட்டினமும் கயிறும்தான். குடிக்க மட்டும் அதை எடுக்கக் கூடாது என்று அம்மாவே காவல் நின்றார்.

அம்மாவிடம் ஒரு பழைய டைரி இருந்தது. ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி பேரனை டார்ச்சோடு கிணற்றுக்கு அனுப்புவார். "எத்தனை உறை தெரியுது?" என்று கேட்பார். அவன் எண்ணிச் சொல்வதை எழுதிக்கொள்வார். தை மாதத்தில் 8, 9. சித்திரையில் 17, 18. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்ததே, அந்த 2019 ஆனி மாதத்துக்கு நேராக 27 என்று இருக்கிறது. பக்கத்தில், "வாளி முங்கவில்லை. சொம்பால் மொண்டோம்" என்று ஒரு வரி. அப்போதும் கிணறு முழுதாக வற்றவில்லை.

பேரன் வெளியூருக்குப் படிக்கப் போனதும் அந்த வேலையை பி பிளாக் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். கூலி ஒரு கடலை மிட்டாய்.

போன மாசியில், ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே அம்மா போய்விட்டார். 84 வயது. கண்களைக் கொடுத்துவிட வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். நாங்கள் கை கால் ஓடாமல் நின்றபோது, எதிர் வீட்டு ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா வந்து, மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, தலையணையை உயர்த்தி வைத்தார். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் கண் வங்கிக்கும் அவரே போன் செய்தார். வந்தவர்கள் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஒருவர் தரும் கருவிழிகளால் இரண்டு பேர் வரை பார்வை பெறலாம் என்றார்கள். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை விவரமாகச் சொல்கிறேன்.

கிணற்றை மூடும் பேச்சு இந்த ஆண்டு மறுபடியும் வந்திருக்கிறது. நினைவுக் கூட்டத்தில் நின்று அம்மா பேரைச் சொல்லி ஓட்டுக் கேட்பது முறையல்ல, கேட்கவும் மாட்டேன். அவருக்கும் அது பிடிக்காது. இந்த டைரியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். 13 வருடக் கணக்கு இதில் இருக்கிறது. பொதுக்குழுவுக்கு முன்னால் ஒரு முறை எல்லோரும் புரட்டிப் பாருங்கள். பிறகு எந்த முடிவாக இருந்தாலும் அது நம் எல்லோருடைய முடிவு.

கடைசியாக எழுதியிருக்கும் பக்கத்தில் மாசி 1, 11 உறை என்று இருக்கிறது. பங்குனிக்கு பி பிளாக் பிள்ளைகள் தாங்களாகவே எண்ணி வந்து சொன்னார்கள். 13. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.