நெற்களஞ்சியத்தை எந்த மரக்காலால் அளப்பது?

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஒரு வட்டாரத்தின் உற்பத்தித் திறனையும் நகர வளர்ச்சியையும் அளப்பது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். நான் பொருளியல் வல்லுநன் அல்லன். ஆயினும் தஞ்சைத் தரணியில் பிறந்தவனுக்கு அளவைகளைப் பற்றிப் பேச உரிமை உண்டு. படி, மரக்கால், கலம், குழி, மா, வேலி என்னும் சொற்களுக்கு நடுவில்தான் நம் பாட்டன்மார் வாழ்ந்தனர். மரக்காலைப் பிடித்த கை மட்டும் எப்போதும் வேறு ஒருவருடையதாக இருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் படித்தவர்கள் அறிவார்கள். ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய மரக்காலால் கோயிலுக்குரிய நெல் அளக்கப்பட்டது. ஒவ்வோர் ஊரின் நிலமும் அளந்து எழுதப்பட்டது. அவ்வாறு எழுதும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் இறையிலியாகக் கழித்துவிட்டு, எஞ்சிய நிலத்தையே வரிக்குரியதாகக் கொண்டனர். வரி இல்லை என்பது ஒரு வகையில் சலுகையே. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தில் இறங்கி உழைத்தவர்கள் குடியிருந்த இடம், விளைச்சலைக் கணக்கிடும் ஏட்டில் கழித்தல் பக்கத்தில் நின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்தக் கணக்கு முறை இன்றும் முற்றாக மறைந்துவிட்டதா என்பதே என் கேள்வி.

1960-61இல் ஃபோர்டு நிறுவனத்தின் உதவியோடு தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. மேட்டூர் நீர், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. 27, இரசாயன உரம், கூட்டுறவுக் கடன் ஆகியவை ஒன்று சேர்ந்தன. வெற்றியை அளந்த முறை எளிது. அறுவடைக்கு முன் சில வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, சிறு சதுரம் குறித்து, அதிலுள்ள கதிரை அறுத்து அடித்து நிறுப்பார்கள். அதிலிருந்து ஏக்கருக்கு இத்தனை என்று கணக்கிடுவார்கள். இச்சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று 1940களில் மகலனோபிசும் சுகாத்மேயும் கடுமையாக வாதிட்டனர். பரப்பு சிறிதானால் எல்லையில் நிற்கும் பயிரும் உள்ளே சேர்ந்து, விளைச்சல் மிகுத்துக் காட்டப்படும் என்றார் சுகாத்மே. எல்லையில் நின்ற கதிருக்காக அவ்வளவு அறிஞர்கள் கவலைப்பட்டார்கள்! அதை அறுத்த கைக்காக எவரும் அவ்வாறு வாதிட்டதாக நான் படித்ததில்லை.

அதே பத்தாண்டில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் நம் மக்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்டதும் சங்கமாய்ச் சேர்ந்ததுமே அவர்கள் செய்த குற்றம். அதன் பின்னரே கணபதியா பிள்ளை ஆணையமும், 1969ஆம் ஆண்டின் நியாயக் கூலிச் சட்டமும் வந்தன. ஏக்கர் கணக்கு மட்டும் எழுதியிருந்த ஏட்டில் அந்த இரவுக்கு இடமே இல்லை. பசுமைப் புரட்சியை ஐந்து மாவட்டங்களில் ஆராய்ந்து 1971இல் நூல் வெளியிட்ட பிரான்சின் ஃபிராங்கல் என்னும் அமெரிக்க அம்மையார், தஞ்சையையும் அவற்றுள் ஒன்றாக எடுத்துக்கொண்டு, விளைச்சலோடு ஏற்றத்தாழ்வும் வளர்ந்ததை எடுத்துரைத்தார்.

மாணவர்களே, உற்பத்தித் திறன் என்பது நீங்கள் ஆறாம் வகுப்பில் கற்ற பின்னமே அன்றி வேறில்லை. மேலே விளைச்சல், கீழே ஏக்கரை வைத்தால் ஒரு விடை, ஆளை வைத்தால் வேறொரு விடை. இதிலும் ஒரு சூது உண்டு. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியதும் ஆள் ஒன்றுக்கான விளைச்சல் ஏட்டில் உயர்ந்துவிடுகிறது. அறுப்பு வேலையை இழந்த பெண், பின்னத்தின் கீழிருந்தே அகற்றப்பட்டுவிட்டாள் அல்லவா! அவள் இல்லாததையே கணக்கு ‘திறன்’ என்று பாராட்டுகிறது.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். விதை, உரம், உழவு, கூலி எல்லாம் அங்கே உண்டு. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த 1990களின் நடுப்பகுதியில், நடவுக் காலம் வந்தால் வகுப்பறையில் பெண் பிள்ளைகளின் வரிசை மெலியும். தாய் நாற்று நடப் போவாள். மூத்த மகள் கைக்குழந்தையோடு வீட்டில் நிற்பாள். அவர்களுக்கு எதிரே வருகைப் பதிவேட்டில் நான் இட்ட விடுப்புக் குறிகளும் அந்த நெல்லின் விலையில் ஒரு பகுதியே. ஆனால் எந்தச் செலவுக் கணக்கிலும் அவை ஏறியதில்லை. அவர்களுள் சிலர் பத்தாம் வகுப்பை எட்டவே இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1918இல் இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிலம் சிறிதாயிருப்பது நோயின் வேர் அன்று. நிலத்தை நம்பி மிகையான மக்கள் வேலையின்றி முடங்கியிருப்பதே வேர். தொழில் வளர்ச்சியே மருந்து என்பது அவர் முடிபு. இதற்கு நெருங்கிய கருத்தை 1954இல் விரிவான கோட்பாடாக்கிய ஆர்தர் லூயிஸ் 1979இல் நோபல் பரிசு பெற்றார். அவரும் கரீபியத் தீவொன்றில் பிறந்த கறுப்பினத்தவர். அம்பேத்கரைச் சட்ட மேதையாக மட்டும் சிலையில் நிறுத்திவிட்டு, அவர் பொருளியல் எழுத்தை நாமே படிக்காதிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அந்த மருந்து நம் வட்டாரத்தில் கிடைத்ததா? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். திருவாரூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 20 பேரே. அதே மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 34 பேர். மாநிலத்தில் 20 பேர். தஞ்சை 2014இலும் குடந்தை 2021இலும் மாநகராட்சிகள் ஆயின, மகிழ்ச்சியே. ஆயினும் பின்னலாடைத் தொழிலை நாடித் திருப்பூர் சென்ற நம் இளைஞர்களை எண்ணுங்கள். அவர்களை வளர்த்த செலவு டெல்டாவினுடையது; அவர்கள் உழைப்பால் உயரும் கணக்கு திருப்பூருடையது. இன்னொன்று: ஓர் ஊரைக் கணக்கெடுப்பு நகரமாக ஏற்க, மக்கள் தொகை 5,000, அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 400 என்பவற்றோடு, ஆண் முதன்மைத் தொழிலாளருள் நூற்றுக்கு 75 பேர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கெடுப்பின் விதி. ஆண் தொழிலாளர் மட்டும்! ஊரின் பெண்கள் அனைவரும் சேற்றில் நின்றாலும் அந்த ஊர் நகரமாகிவிடலாம்.

பழைய தஞ்சை மாவட்டமும் 1991, 1997, 2020 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த பிரிவினைகளால் நான்காகிவிட்டது. ஆண்டுதோறும் மாவட்டக் கணக்கை ஒப்பிடுவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

ஆதலின், இச்சங்கத்தின் 25 ஆண்டு நிறைவில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். நமக்கென்று ஒரு பதிவேடு வேண்டும். நம் உறுப்பினர் குடும்பம் ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் எந்த வகுப்பு வரை படித்தனர், எந்த வகுப்பில் நின்றனர், ஏன் நின்றனர். வெளியூர் சென்றவர் எங்கே, என்ன ஊதியத்தில் உழைக்கிறார். பெண்களுக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைத்தது. மனைப்பட்டா யார் பெயரில் உள்ளது என்பவை அதில் இடம்பெற வேண்டும். தேர்ச்சி பெற்றோர் பட்டியல் இம்மலரில் அழகாக அச்சாகியுள்ளது. இடையில் நின்றோர் பட்டியலை நாம் அச்சிடவில்லை. எழுதி வைக்கவும் இல்லை. கழித்தல் பக்கத்தில் பிறரை நிறுத்தும் பழக்கம் நமக்கும் வந்துவிடக் கூடாது.

மாதிரிப் படிவம் ஒன்றை எழுதிச் செயலாளரிடம் தந்துள்ளேன். பத்தாம் வகுப்புக்கு மேல் பயிலும் மாணவர்கள், விழா முடிந்ததும் ஆளுக்கொரு தெருவாகப் பிரித்து எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடையில் நின்ற பிள்ளைகளின் வீடுகளிலிருந்து தொடங்குங்கள். பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து வருவோரையும் அப்போது பார்த்துவிடலாம்.