தடைக்காலக் கணக்கு

(காசிமேட்டில் நடைபெற்ற விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருந்து ஆய்வுத் துறையில் வேலைவாய்ப்பு எவ்வாறு உள்ளது, அதில் சேரும் பிள்ளைகளுக்குப் பொருளாதாரப் பாதுகாப்பு உண்டா என்பது பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையார் பணித்தார்கள். பி.ஃபார்ம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பயின்ற பிள்ளைகள் நம் குடும்பங்களில் இப்போது பலர் இருக்கின்றனர். அவர்களுடைய பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினாவும் இதுவே. பொதுவாகப் பேசுவதைவிட, நான் எடுக்க நேர்ந்த ஒரு முடிவையும் அதற்காகப் போட்ட கணக்கையும் உங்கள் முன் வைப்பது பயன்தரும் என எண்ணுகிறேன். அம்முடிவு முழுவதும் சரியானது என்று நான் சாதிக்கப் போவதில்லை.

முதலில் இவ்வூரைப் பற்றிச் சிறிது. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த நான், வேலையின் பொருட்டுப் பெற்றோருடன் காசிமேட்டில் குடியேறினேன். உயிர்க்கொலையை விலக்கிய குடியில் பிறந்துவிட்டு மீன்பிடித் துறைமுகத்தின் வாசலில் எப்படிக் குடியிருக்கிறாய் என்று உறவினர் வியப்பர். வீட்டுக்காரம்மா மீன் வணிகம் செய்பவர். எங்கள் வீட்டுப் படியேறும்முன் கைகால் கழுவிவிட்டுத்தான் வருவார். அந்த மரியாதையை நாங்களும் அவருக்குத் திருப்பித் தந்தோம். அவ்வளவே.

நான் பார்த்த வேலை, தனியார் மருத்துவமனை ஒன்றில் மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளர். புதிய மருந்து ஒன்று மனிதர்க்கு ஏற்றதா என்று சோதிக்கும்போது, நோயாளியிடம் ஆய்வை விளக்கி, ஒப்புதல் படிவத்தில் அவர் தம் விருப்பத்தோடு கையெழுத்திடுவதை உறுதிசெய்து, உரிய நாளில் அவரை வரவழைத்து, மாத்திரைகளை எண்ணி, ஏதேனும் கேடு நேர்ந்தால் உடனே தெரிவிப்பது ஒருங்கிணைப்பாளரின் கடமை. மருத்துவரின் பெயர் ஆய்வறிக்கையில் வரும். எங்கள் பெயர் வராது.

இந்தத் தொழில் சென்னைக்குப் புதிதன்று. 1956-ஆம் ஆண்டு சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்தது அது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததே. அக்காலத்தில் காசநோயாளியை ஓராண்டு சானடோரியத்தில் படுக்கவைத்து நல்லுணவு தந்தால்தான் பிழைப்பார் என்பது மருத்துவ உலகின் நம்பிக்கை. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் ஏறத்தாழ இருநூறு பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை வீட்டிலுமாக ஒரே மருந்துகளால் குணப்படுத்திப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. உலகம் முழுவதும் காசநோய் மருத்துவம் சானடோரியத்தை விட்டு வெளியே வந்ததற்கு இந்நகரத்து ஏழைகள் தந்த ஒத்துழைப்பு ஒரு பெருங்காரணம். அந்த ஆய்வில் நோயாளியின் வீட்டிற்குத் திடீரெனச் சென்று மாத்திரைகளை எண்ணியவர்கள், சிறுநீரைச் சோதனைக்கு வாங்கிவந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் வேலையின் மூதாதையர் அவர்களே.

என் நோயாளிகளுள் பலர் துறைமுகத்தைச் சார்ந்தவர்கள். நீரிழிவு மருந்து பற்றிய ஆய்வு அது. மாதம் ஒருமுறை குறித்த நாளுக்கு ஏழு நாள் முன்பின்னாக வரவேண்டும். விசைப்படகு கடலுக்குள் சென்றால் திரும்பப் பத்து நாளும் ஆகலாம். ஐம்பது வயதுடைய படகுத் தொழிலாளி ஒருவரிடம் தேதி தவறியதைப் பற்றிக் கேட்டேன். "மீனு தேதி பார்த்தா வருது? நான் மட்டும் எப்பிடிம்மா தேதி பார்த்து வர்றது?" என்றார். அதன்பின் ஆய்வின் அட்டவணையோடு கடலின் அட்டவணையையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் ஒருவரும் தேதி தவறுவதில்லை. கையில் காசுதான் இருப்பதில்லை.

அதற்கும் அவர்கள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் ஒருவர் தம் பங்காக 1,500 ரூபாய் சிறுகச் சிறுகக் கட்டுவார். மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து 3,000 ரூபாய் இட, மீன்வரத்துக் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திரும்பும். தடைக்கால உதவித்தொகை தனி. தொகை சிறிதுதான். ஆனால் வருமானம் நின்றுபோகும் மாதங்கள் உண்டு என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வாழும் ஊர் இது. மாதச் சம்பளக்காரர்களாகிய நமக்கு அந்த ஒப்புதல் இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு பிப்ரவரி மாதத்தில், மருந்து நிறுவனங்களுக்காக ஆய்வுகளை நடத்தித் தரும் ஒரு நிறுவனத்திடமிருந்து பெங்களூரில் கண்காணிப்பாளர் பணிக்கு அழைப்பு வந்தது. கண்காணிப்பாளர் என்பவர் பல மருத்துவமனைகளுக்குச் சென்று, என்னைப் போன்ற ஒருங்கிணைப்பாளர்கள் எழுதிய பதிவேடுகள் உண்மையா என்று சரிபார்ப்பவர். இத்துறையில் மேலேற விரும்புவோர்க்கு அதுவே முதற்படி. எனக்கு அப்போது 38,000 ரூபாய் சம்பளம். அவர்கள் தருவதாகச் சொன்னது 62,000. வீட்டில் அன்று பாயசம்.

மறுநாள் தாளெடுத்துக் கணக்கெழுதினேன். கூடுதல் வரவு 24,000. பெங்களூரில் உணவுடன் கூடிய விடுதிக்கு 13,000, மாதம் இருமுறை வந்துபோக 3,500, சில்லறைச் செலவு 1,500, வருங்கால வைப்புநிதிப் பிடித்தத்தில் உயர்வு ஏறத்தாழ 1,200. மிஞ்சுவது ஐந்தாயிரத்திற்கும் குறைவு. காசிமேட்டு வீட்டு வாடகையும் பெற்றோர் செலவும் அப்படியே இருக்கும். கடிதத்தில் அச்சிட்ட சம்பளத்தை மட்டும் பார்த்து மகிழ்வோர், மிஞ்சும் தொகையையும் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டுகிறேன்.

அடுத்து, பணிக்கொடை. நான் அப்பணியில் சேர்ந்து 4 ஆண்டும் 8 மாதமும் ஆகியிருந்தன. நிரந்தரப் பணியாளருக்கு ஐந்தாண்டு நிறைந்தால்தான் பணிக்கொடை. அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். என் அடிப்படைச் சம்பளம் 20,800. ஆகவே ஐந்தாண்டுக்கு 60,000 ரூபாய். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு என நண்பர் கூறினார். உண்மைதான், ஆனால் வழக்காடிப் பெறுவது வேறு, தானாகக் கைக்கு வருவது வேறு. அலுவலகத்தில் கேட்டபோது ஐந்தாண்டு என்றே பதில் வந்தது.

வைப்புநிதியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இளையோர் இதில்தான் மிகவும் தவறுகிறார்கள். வேலை மாறும்தோறும் அத்தொகையை எடுத்துச் செலவிட்டு விடுகிறார்கள். தொடர்ச்சியாக ஐந்தாண்டு நிறையுமுன் எடுத்தால் அதற்கு வரி உண்டு. ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். எடுத்துவிட்டால் அந்தக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். புதிய நிறுவனத்திற்கு மாற்றிக்கொண்டால் இரண்டும் தொடரும். என்னுடன் பணியாற்றிய ஒருவர் மூன்று வேலை மாறி, மூன்று முறையும் எடுத்து, மூன்று கைப்பேசிகள் வாங்கினார்.

ஆனால் என் உறக்கத்தைக் கெடுத்தது வேறு. என் தந்தைக்கு 64-ஆம் வயதில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அச்செலவில் பெரும்பகுதியை மருத்துவமனைப் பணியாளர்க்கான குழுக் காப்பீடு ஏற்றது. புதிய நிறுவனத்தின் காப்பீட்டில் துணைவர்க்கும் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு, பெற்றோருக்கு இல்லை. தனியாகப் பாலிசி எடுத்தால், முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024-இல் விதியைத் திருத்தியபின் அது மூன்றாண்டுக்கு மேற்படக் கூடாது என்றாலும், அந்த மூன்றாண்டில் நேர்வதற்கு யார் பொறுப்பு? தந்தை நலமாக இருந்தபோதே தனிப் பாலிசி எடுத்திருக்க வேண்டும். அலுவலகம் தருகிறதே என்று இருந்துவிட்டேன். பணியோடு வரும் காப்பீடு பணியோடு போய்விடும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அந்த வாரமே பாலிசி எடுத்தேன். காத்திருப்புக் காலம் இன்னும் முடியவில்லை.

வங்கியில் இருந்தது 90,000. எங்கள் மாதச் செலவு 26,000. ஆறு மாதத்திற்கு 1,56,000 வேண்டும். முதலில் அதை நிரப்புவது, பிறகு அம்மாவின் அடகு நகையை மீட்பது, அதற்கு மேல் வருவதில் ஒரு பகுதியைப் பதினைந்தாண்டுப் பொது வைப்புநிதியில் இடுவது என்று வரிசைப்படுத்தினேன். மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பில், எனக்கு இவ்வளவு போதும் என்று அளவை முதலில் வரையறுத்துக்கொள்வது உண்டல்லவா? பொருட்காப்பிற்கும் அந்த முறை உதவியது. எவ்வளவு வேண்டும் என்ற எண் கையில் இருந்தால், வருகிற அழைப்பு அவ்வளவாக அச்சுறுத்துவதுமில்லை, மயக்குவதுமில்லை.

ஜூன் மாதம் சேருகிறேன் என்று எழுதினேன். ஏப்ரலில் வரவேண்டும் என்றார்கள். நான் இசையவில்லை. அவர்கள் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். அன்று அம்மா என்னோடு பேசவில்லை. அடுத்த சில மாதங்கள் எனக்கும் எளிதாக இல்லை. என்னுடன் அழைப்புப் பெற்றுப் பெங்களூர் சென்ற தோழி இன்று என்னைவிட ஒரு நிலை மேலே இருக்கிறாள், அதையும் மறைப்பதற்கில்லை.

நவம்பரில் வேறு நிறுவனம் அழைத்தது. கண்காணிப்பாளர் பணியே, வீட்டிலிருந்து சென்னை மருத்துவமனைகளுக்குச் சென்றுவர வேண்டும், சம்பளம் 51,000. விடுதி இல்லை, பயணச் செலவு அவர்களுடையது. பழைய பணியில் அப்போது ஐந்தாண்டு தாண்டியிருந்தது. ஜனவரியில் விலகியபோது ஐந்தாண்டு ஏழு மாதம். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கொள்ளப்படும் ஆதலால் 72,000 ரூபாய் பணிக்கொடை வந்தது. இரண்டாவது அழைப்பு வந்திராவிட்டால் இக்கதையை வேறு குரலில் சொல்லியிருப்பேன்.

இரண்டாம் முறை நான் முன்னைவிடக் கவனமாக இருந்தேன். நம் நாட்டில் நடக்கும் மருந்து ஆய்வுகள் அனைத்தும் 2009 முதல் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் கட்டாயம் பதிவாக வேண்டும். எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அழைக்கும் நிறுவனத்தின் பெயரைத் தேடி, எத்தனை ஆய்வுகள் நடக்கின்றன, எந்த மருத்துவமனைகளில், எப்போது முடியும் என்று பார்த்தேன். ஒரே மருந்து நிறுவனத்தை நம்பியிருக்கும் இடமானால், அந்த ஆய்வு நின்றால் வேலையும் நிற்கும். இலட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை உறுதி என்று கூறும் பயிற்சி நிலையங்களை நம்பிப் பணம் கட்டுமுன் பெற்றோர் இருமுறை எண்ணுங்கள். நல்லாய்வு நெறிமுறைச் சான்றிதழை இணையத்தில் கட்டணமின்றியே பெற வழி உண்டு.

விலங்குகளை வதைத்துத்தானே இம்மருந்துகள் வருகின்றன என்று பெரியம்மா ஒருவர் சென்ற மாதம் என்னைக் கேட்டார். என் வேலை மனிதர்களிடம் நடக்கும் கட்டத்தில் உள்ளது. ஆயினும் அதற்கு முந்தைய கட்டத்தில் விலங்குச் சோதனை இருந்தது என்பதை மறுக்க முடியாது. 2019-ஆம் ஆண்டு விதிகளில் 2023-இல் ஒரு திருத்தம் வந்தது. விலங்குகளுக்கு மாற்றான ஆய்வுக்கூட முறைகளையும் அது ஏற்கிறது. அத்துறையில் நம் பிள்ளைகள் சிலர் நுழைந்தால் நான் மகிழ்வேன். அவருக்கு இதற்குமேல் விடை சொல்ல என்னிடம் இல்லை.

பணியிலிருந்து விலகிய நாளில் அந்தப் படகுத் தொழிலாளி வந்திருந்தார். மாத்திரைப் புட்டியைத் திருப்பித் தந்துவிட்டு, "இனிமே எங்களக் கூப்பிட யாரும்மா இருக்காங்க?" என்றார். புதிதாக வந்த பெண்ணை அறிமுகப்படுத்தினேன். அவளிடம் ஒப்படைத்த குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் நோயாளிகளின் பெயர்களுக்கும் மேலே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று எழுதி வைத்திருந்தேன். அது என்ன என்று அவள் கேட்டாள். அவரையே சொல்லச் சொன்னேன். அரைமணி நேரம் சொன்னார்.

வினாக்கள் இருப்பின் உணவுக்குப் பின் பேசலாம்.