வீட்டில் கட்டிய விமானத்தில் நெடுந்தூரம்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். எங்கள் வகுப்புத் தோழிகள் அதற்குச் சம்மதிக்கவில்லை. "வருத்தக் கதைகளை வீட்டிலே கதைக்கிறோம், இங்கே விமானக் கதை சொல்லு" என்றார்கள். ஆகவே, 1990களில் இந்தப் பாடசாலையில் படித்த எங்கள் வகுப்பின் சார்பில், 'நாங்கள்' என்றே பேச அனுமதி தாருங்கள்.

எங்களில் பாதிப் பேர் வெள்ளவத்தைப் பிள்ளைகள், பாதிப் பேர் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள். வெள்ளவத்தைக்காரருக்கு இரத்மலானை விமான நிலையம் காலி வீதியில் சில கிலோமீற்றர் தூரந்தான். சின்ன விமானம் ஒன்று கடலோரமாகத் தாழ்ந்து போனால் ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்களோடு சேர்ந்த பிள்ளைகள் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அவர்களுடைய பேனை நின்றுவிடும். கண் கூரையைப் பார்க்கும். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் மீண்டும் எழுதுவார்கள். ஏன் என்று நாங்கள் அப்போது அறியாமல் கேட்டோம். "அங்கே இந்தச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓட வேண்டும்" என்று ஒருத்தி சொன்னாள். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் 55 பேரோடு கடலில் மறைந்தது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் உறவினர் இல்லாத வீடு எங்களுக்குள் குறைவு. விமானத்தை விரும்புவது எங்கள் தலைமுறைக்கு இலகுவாக வந்த காரியம் அல்ல. இதை முதலில் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

இரத்மலானையின் கதை சின்ன விமானத்தோடுதான் தொடங்குகிறது. 1935 நவெம்பர் 27ஆம் திகதி அங்கே முதன்முதலாக இறங்கியது 'புஸ் மொத்' என்ற ஒற்றை எஞ்சின் விமானம். துணி போர்த்த உடல், சிறிய மூடிய அறை. ஓட்டி வந்தவர் சென்னைப் பறத்தல் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ.

அதே ஊரில் பிற்காலத்தில் தன் விமானங்களைத் தானே கட்டிப் பறந்தவர் ரே விஜேவர்தன. 1924இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்து, இரு சில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்து, 1968 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டி, மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர். 2010இல் தமது 85ஆவது வயதில் காலமானார். வரைந்த கையே கட்ட வேண்டும், கட்டிய கையே ஓட்ட வேண்டும் என்பது அவர் வாழ்க்கையில் நாங்கள் கண்ட பாடம். எங்கள் பௌதிகவியல் புத்தகத்தில் விமானம் ஒரு படமாக மட்டுமே இருந்தது. பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் ஒருவர் அதைக் கட்டிக்கொண்டிருந்தார் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டில் விமானம் கட்டுவது என்றால் என்ன? இப்போது பெரும்பாலும் பாகங்கள் பெட்டி பெட்டியாக வருகின்றன. அவற்றைப் பொருத்துவது வாங்கியவரின் வேலை. அமெரிக்காவில் வேலையின் பாதிக்கு மேல் சொந்தக் கையால் செய்திருந்தால்தான் அதை 'தானே கட்டியது' என்று பதிவு செய்வார்கள். கேரளத்து ஆலப்புழையைச் சேர்ந்த பொறியியலாளர் அசோக் தாமரக்சன், இங்கிலாந்தில் கொவிட் முடக்க காலத்தில் இந்த வேலையைத் தொடங்கினார். தென்னாபிரிக்காவிலிருந்து வந்த 'ஸ்லிங்' பாகங்களை சுமார் 18 மாதங்களில் பொருத்தி, நாலு இருக்கை விமானம் ஒன்றை முடித்தார். மகளின் பெயரே அதன் பதிவு எழுத்துக்கள். 2022இல் அதில் ஜேர்மனி, ஒஸ்திரியா, செக் குடியரசு வரை பறந்தார்.

இந்த வேலையில் எங்களை மிகவும் கவர்ந்தது ஒரு சின்ன விதி. இறக்கையின் உட்பகுதியைப் பரிசோதகர் பார்த்து ஒப்பமிடும்வரை மேல் தகட்டை மூடக்கூடாது. சத்திரசிகிச்சைக் கூடத்திலும் இதுவே விதி. வயிற்றைத் தைத்து மூடுமுன் பஞ்சுத் துணிகளையும் கருவிகளையும் தாதி உரத்து எண்ண வேண்டும். எண்ணிக்கை சரிவராவிட்டால் எவ்வளவு பெரிய நிபுணரும் காத்திருக்கத்தான் வேண்டும். மூடிய பிறகு தெரியாத இடத்தில் பிழை விடாதே என்பதுதான் இரண்டு தொழிலுக்கும் பொதுவான நேர்மை.

நெடுந்தூரம் என்றால் 'வொயேஜர்' என்ற விமானத்தைச் சொல்லாமல் விட முடியாது. கலிபோர்னியாவின் பாலைவன ஊரான மொஹாவியில், பேர்ட் ருட்டனின் வரைபடத்தைக் கொண்டு, தொண்டர்களின் உதவியோடு பாடுபட்டுக் கட்டினார்கள். 1986 டிசெம்பர் 14ஆம் திகதி டிக் ருட்டனும் ஜீனா யேகர் என்ற பெண்ணும் அதில் ஏறினார்கள். எரிபொருளின் பாரத்தால் இறக்கை நுனிகள் ஓடுபாதையில் உரசித் தேய்ந்தன. அப்படியே எழும்பி, பசுபிக்கையும் எங்கள் இந்து சமுத்திரத்தையும் ஆபிரிக்காவையும் கடந்து, எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருள் நிரப்பாமல், 9 நாட்களில் 40,000 கிலோமீற்றருக்கு மேல் சுற்றி வந்தார்கள். எழும்பி நிற்க இடமில்லாத அறை. ஒருவர் ஓட்ட மற்றவர் படுப்பார். கடைசி இரவில் மெக்சிக்கோக் கரைக்கு அப்பால் பின் எஞ்சின் எரிபொருள் கிடைக்காமல் நின்றுவிட்டது. முன் எஞ்சின் இயங்கத் தொடங்கும்வரை விமானம் இருட்டில் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. டிசெம்பர் 23ஆம் திகதி தரை தொட்டபோது மிஞ்சிய எரிபொருள் சுமார் 50 கிலோகிராம் மட்டுமே. புறப்படும்போது இருந்ததோ 3,000 கிலோகிராமுக்கு மேல்.

இனி வைத்தியராக நாலு வார்த்தை. பிதுருதலாகலை 2,524 மீற்றர். சின்ன விமானங்கள் நீண்ட பயணத்தில் அதற்கும் மேலே போவது உண்டு. அங்கே காற்று மெலிது. முதலில் குறைவது இரவுப் பார்வை, பிறகு நிதானம். குறைகிறது என்பது குறைந்தவருக்குத் தெரியாது. புகைபோக்கியில் ஒரு வெடிப்பு இருந்தால் காபனோரொட்சைட்டு அறைக்குள் வரும். அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணத் தலையிடி என்று நினைத்துக்கொண்டே ஓட்டுபவர் மயங்கலாம்.

கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் பறப்பவர்களும் உண்டு. இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். பள்ளிக்கூட நாளில் தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் தானே நாங்கள்! விமானத்திலும் சரி வகுப்பிலும் சரி, அது சிறுநீரகத்துக்கும் கூடாது, மூளைக்கும் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து முகில். வெளியே பார்த்து ஓட்டுபவர் முகிலுக்குள் நுழைந்தால் தொடுவானம் மறைந்துவிடும். உட்காதிலுள்ள திரவம் மெதுவான திருப்பத்தை உணராது. விமானம் சரிந்து சுழலும்போதும் நேராகப் போகிறோம் என்றே உடம்பு சொல்லும். 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 விமானிகளைச் சோதித்தார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக எடுத்த நேரம் 178 வினாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

அந்த முகிலுக்குள் ஏன் போகிறார்கள்? அறியாமையால் மட்டுமல்ல. வீட்டில் காத்திருக்கிறார்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சந்தானே என்ற எண்ணத்தால்.

இப்போது எங்கள் தோழியின் கதைக்கு வருகிறோம். விமானச் சத்தம் கேட்டால் பேனை நின்றுபோகும் என்று சொன்னோமே, பங்கரைப் பற்றிச் சொன்ன அதே பிள்ளைதான். இன்று கனடாவில் வாழ்கிறாள். அவளும் கணவருமாக ஆறு வருடம் கராஜுக்குள் இரு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார்கள். "அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று என் கையால் கழற்றிப் பார்க்க வேண்டும் போலிருந்தது" என்றாள். போன கோடையில் ஒன்ராறியோவிலிருந்து ஹலிஃபக்ஸ் வரை போகப் புறப்பட்டார்கள். அங்கே அவளுடைய அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள். கியூபெக்கில் ஒரு சிறிய ஓடுபாதையில் இறங்கியபோது முன்னால் முகில் தாழ்ந்திருந்தது. மூன்று நாள் காத்திருந்தார்கள். நாலாம் நாள் மேற்கே வானம் வெளித்தது, கிழக்கே வெளிக்கவில்லை. அவள் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வீடு வந்தாள். பிறந்தநாள் அவள் இல்லாமலே நடந்தது. "தோற்றுப் போனேன்" என்று எங்களுக்கு எழுதினாள்.

அதை வாசித்தபோது எங்கள் வகுப்பு வைத்தியர்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. பயிற்சிக் காலத்தில் ஒரு நாளும் ஓர் இரவும் தொடர்ந்து கடமை செய்துவிட்டு, எங்களில் ஒருத்தி தானே காரோட்டி வீடு திரும்பினாள். வெள்ளவத்தைச் சந்தியில் கண் மூடிவிட்டது. நல்ல காலம், பக்கக் கண்ணாடி மட்டும் போனது. 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கவனம், இரத்தத்தில் 0.05 வீதம் மது உள்ளவரின் கவனத்துக்குச் சமன் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவள் விழித்திருந்ததோ அதைவிட நெடுநேரம். "ஏன் அங்கேயே படுக்கவில்லை?" என்று கேட்டோம். "எல்லோரும் சமாளிக்கிறார்களே" என்றாள்.

அன்பான சகோதரிகளே, இந்தப் பாடசாலை எங்களுக்கு எவ்வளவோ தந்தது. இடையில் விடாதே, அழாதே, முன்னே போ என்று சொல்லித் தந்தது. அந்தக் காலத்துக்கு அது தேவையாகவும் இருந்தது. இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கரை சேர்ந்தார்கள். ஆனால் திரும்புவது எப்படி என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பொருந்தாத வேலையை விட்டவள், சுகமில்லை என்று லீவு கேட்டவள், அடி வாங்கிய வீட்டைவிட்டு வெளியே வந்தவள் எல்லோரும் எங்கள் வட்டத்தில் தலைகுனிந்தே நிற்கிறார்கள். சங்கக் கூட்டத்துக்கும் வருவதில்லை. எங்கள் வகுப்பில் இன்று இங்கே இல்லாதவர்களில் சிலர் அதனால்தான் இல்லை. அவர்களை அழைக்காமல் விட்டது எங்கள் பிழை.

விமானிகள் புறப்படுமுன் தம்மைத் தாமே கேட்கிறார்கள்: வருத்தம் இருக்கிறதா, மருந்து எடுத்தேனா, மனச்சுமை உண்டா, மது குடித்தேனா, களைத்திருக்கிறேனா, சாப்பிட்டேனா? ஒன்றுக்குப் பதில் பிழைத்தாலும் பயணத்தைத் தள்ளிவைப்பார்கள். அதற்காக யாரும் அவர்களைக் கோழை என்று சொல்வதில்லை. திரும்பி வந்த விமானிதான் அடுத்த கிழமையும் பறப்பார்.

தோழிக்கு நாங்கள் எழுதிய பதில் இதுதான்: "நீ தோற்கவில்லை. உன் அம்மாவுக்கு எண்பத்தோராவது பிறந்தநாளும் வரும்." இந்த ஆனியில் வானம் வெளித்திருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டாள். ஓடுபாதையோரம் அம்மா நிற்கும் படத்தை எங்கள் எல்லோருக்கும் அனுப்பினாள்.

சங்கத்திடம் எங்கள் வகுப்பின் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, பிள்ளைகள் கையால் கழற்றிப் பூட்டிப் பழக ஒரு வேலைக்கூடம் வேண்டும். விமானம் இல்லாவிட்டாலும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் போதும். அதை வாங்கித் தரும் பொறுப்பை நாங்கள் எடுக்கிறோம். மற்றது, வராமல் போன பழைய மாணவிகளின் பெயர்ப் பட்டியலை வகுப்பு வகுப்பாக எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு. அதற்குக் காசு தேவையில்லை. எங்கள் வகுப்புப் பட்டியலை இன்று மாலையே தொடங்குகிறோம்.