அம்மா மறுபடி சைக்கிள் ஓட்டணும்னு சொன்னா

சைக்கிள் ஒரு தடவை கத்துக்கிட்டா சாகுற வரைக்கும் மறக்காதுன்னு எல்லாரும் சொல்வாங்க. அது பாதிதான் உண்மை. மறக்காதது பேலன்ஸ். ஏறுறது, இறங்குறது, கழுத்தைத் திருப்பிப் பின்னாடி பார்க்கிறது, இதெல்லாம் 25 வருஷம் விட்டுட்டா நிஜமாவே கையை விட்டுப் போயிடும். இல்லன்னா ஞாபகம் இருக்கும், உடம்பு கேக்காது. இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான். கேக்குற நீங்க பெரும்பாலும் இருபதுகள்ல இருப்பீங்க. இது உங்க அம்மாவுக்காக.

ஏன் குறிப்பா அம்மா? 1990களோட தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்துச்சு. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோட சேர்த்து, பெண்களுக்கு சைக்கிளும் கத்துக்கொடுத்தாங்க. ஆயிரக்கணக்கான பேர் ஓட்ட ஆரம்பிச்சாங்க. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும், பார் வச்ச ஆம்பளைங்க சைக்கிளையே எடுத்தாங்க. பார்ல குழந்தையை உட்கார வச்சுக்கலாம்னு சில பேர் அதையே விரும்பினாங்கன்னு பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கார். அப்புறம் 2000களில் பள்ளி மாணவிகளுக்கு அரசாங்கத்தோட இலவச சைக்கிள் வந்துச்சு. ஆக, இன்னிக்கு நாற்பதுல இருந்து அறுபது வரைக்கும் இருக்குற எத்தனையோ பெண்கள் ஓட்டத் தெரிஞ்சவங்க. நடுவுல நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான்.

எங்க அம்மாவும் அந்த லிஸ்ட்ல ஒருத்தர். ஊர் கீரனூர் பக்கம். கல்யாணமாகி சென்னை வந்ததும் சைக்கிள் நின்னுபோச்சு. அப்பா வண்டியில பின் சீட். புடவை கட்டி ஒருபக்கமாத்தான் உட்காருவாங்க. "இந்த ஊரோட இடது பக்கத்தை மட்டும்தான்டா எனக்குத் தெரியும்"னு ஒருநாள் சொன்னாங்க. சிரிச்சேன், ஆனா அது அப்படியே உண்மை. போன வருஷம் அப்பாவுக்கு முட்டி வலி வந்து வண்டி ஓட்டுறதை விட்டுட்டார். மார்க்கெட் போகணும்னாகூட ஆட்டோ, இல்லன்னா நான் ஆபீஸ் முடிஞ்சு வரணும். அப்பதான், "ஒரு சைக்கிள் வாங்கிக் குடு"ன்னாங்க.

அப்பாவுக்குத் துளியும் பிடிக்கல. "இந்த வயசுல விழுந்தா இடுப்பு எலும்பு"ன்னார். அந்த பயம் நியாயம்தான். மாதவிடாய் நின்ன பிறகு எலும்பு வேகமா மெலியும், சின்ன வயசுல விழுந்தா சிராய்ப்போட போறது இப்போ ஆஸ்பத்திரி வரைக்கும் போகலாம். தலைசுத்தல் இருக்கு, பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்கன்னா முதல்ல டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. ஆனா பயம் இருக்குன்னா, எந்த சைக்கிள், எந்த ரோடு, எப்படி இறங்குறதுன்னு யோசிக்கணும். ஓட்டவே கூடாதுன்னு முடிவு பண்ண அது காரணமில்ல.

கடைக்குப் போனா தடி டயர் போட்ட கியர் சைக்கிளைத்தான் முன்னாடி தள்ளுவாங்க. அது நமக்கு ஓகே. குனிஞ்சு ஓட்டணும், கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கும், காலைத் தூக்கிப் போட்டு ஏறணும். நடு பார் தாழ்வா இருக்கிற, நிமிர்ந்து உட்காருற, செயின் கவர் உள்ள சாதா லேடீஸ் சைக்கிள் போதும். புடவை, துப்பட்டா மாட்டாது. பிரேக்கும் கவனம். அவங்க கை பழகினது அந்தக் காலத்து ராட் பிரேக், நல்லா அழுத்தணும். இப்போ வர்றது லேசா பிடிச்சாலே நிக்கும். முன் பிரேக்கை மட்டும் அதே வேகத்துல அழுத்தினா ஆள் முன்னாடி கவிழ வாய்ப்பிருக்கு.

சீட்டை முதல்ல இறக்கி வைங்க. உட்கார்ந்தா ரெண்டு பாதமும் தரையில முழுசாப் பதியணும். அந்த உயரத்துல நாள் முழுக்க ஓட்டினா முட்டி வலிக்கும். அதனால தைரியம் வர வர, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. முதல் மாசத்துக்கு முட்டியைவிட நம்பிக்கை முக்கியம்.

அம்மா கார்ப்பரேஷன் கிரவுண்ட்ல பத்தே நிமிஷத்துல ஓட்டிட்டாங்க. எனக்குத்தான் நம்ப முடியல. பிரச்சினை நிறுத்துறப்போ வந்துச்சு. பழைய ஞாபகத்துல, சைக்கிள் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு பெடல்ல நின்னு குதிச்சு இறங்கப் பார்த்தாங்க. இருபது வயசு முட்டி அதைத் தாங்கும். அம்பதுக்கு மேல நல்லா ஒரு ஆட்டு ஆட்டிடுச்சு, விழல. அதனால அடுத்த ஒரு வாரம் நிறுத்தப் பழகுறது மட்டும்தான். நாலு மிதி, பிரேக், சைக்கிள் முழுசா நின்ன பிறகு கால் தரையில. மறுபடி நாலு மிதி. பார்க்க போரா இருக்கும். அப்புறம், ரொம்ப மெதுவா ஓட்டச் சொல்லாதீங்க. சாயுற பக்கம் ஹேண்டிலைத் திருப்பித்தான் சைக்கிள் நிக்குது, வேகம் குறைஞ்சா ஆட்டம் ஜாஸ்தியாகும்.

திரும்பிப் பார்க்கிறது இன்னும் முழுசா வரல, கழுத்து அவ்வளவு திரும்பாது. கண்ணாடி மாட்டினோம். மெயின் ரோடு வந்தா இறங்கி, தள்ளிக்கிட்டே கிராஸ் பண்றாங்க. எதிர் வீட்டு மாமா அதைப் பார்த்துச் சிரிச்சார். தள்ளிக்கிட்டுப் போறதுல என்ன அசிங்கம்னு எனக்குப் புரியல.

இப்போ காலையில ஆறரைக்கு, டிராஃபிக் சேருறதுக்கு முன்னாடி, ஹெல்மெட் போட்டுக்கிட்டு மார்க்கெட் போயிட்டு வர்றாங்க. அப்பா கேட் வரைக்கும் வந்து டயரை அமுக்கிப் பார்க்கிறார், ஒண்ணும் சொல்றதில்ல. போன வாரம் எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி, வலது பக்கம் ஒரு மாவு மில் இருக்குன்னு வந்து சொன்னாங்க. அது ரொம்ப வருஷமா அங்கேதான் இருக்கு.

உங்க வீட்டுல யாராவது மறுபடி ஓட்ட ஆரம்பிச்சிருந்தா, அவங்களையே பேசச் சொல்லி ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடுறேன்.