துரையப்பா அரங்கு

அளவெட்டியிலிருந்து விளையாட்டுப் போட்டிக்காகப் பட்டணம் புறப்படும் மாணவனிடம், "எங்கே போகிறாய், தம்பி?" என்று கேட்டால், "துரையப்பாவுக்கு" என்பான். துரையப்பா என்பது அவனுக்கு ஓர் ஓட்டப்பாதை. பார்வையாளர் மேடையோடு கூடிய ஒரு புல்வெளி. அப்பெயருடைய மனிதர் ஒருவர் யாழ்ப்பாணத்தின் முதல்வராக வீற்றிருந்தார் என்பதை அவனுக்கு எவரும் எடுத்துரைத்திருக்கமாட்டார்கள். வீட்டிலுள்ள முதியோரை வினவினாலோ, கதை ஒரே விதமாக வாராது.

ஆல்பிரட் துரையப்பா 1926 இல் பிறந்தவர்; தொழிலால் வழக்கறிஞர். 1960 மார்ச்சுத் தேர்தலில் சுயேச்சையாக நின்று, ஜீ. ஜீ. பொன்னம்பலத்தையே யாழ்ப்பாணத் தொகுதியில் தோற்கடித்தார். பத்தாண்டு கழித்து, 1970 இல், வெறும் 56 வாக்குகளால் அதே தொகுதியில் தோற்றார். ஐம்பத்தாறு பேரென்பது ஓர் ஒழுங்கையின் சனத்தொகை! கடைத்தெரு வியாபாரியும் கூலியாளும் அவரைத் தம்மவரென்றே எண்ணினர். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1959 இல் திறக்கப்பட்டபோது மாநகர முதல்வராயிருந்தவரும் அவரே. ஆயினும் அவ்வழகிய வெண்ணிறக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கவில்லை.

எழுபதுகளில் அவர் மீண்டும் முதல்வரானார். ஆளுங்கட்சியான ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் பக்கம் அவர் நின்றமை தமிழ் இளைஞர் பலருக்குப் பொறுக்கவில்லை. 1974 ஜனவரி 10 ஆம் திகதி, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாட் கூட்டத்திற் பொலிசார் புகுந்து கலைத்தபோது, மின்கம்பி அறுந்து விழுந்தும் உயிர்கள் பலியாயின. அதன் பழியை முதல்வர் மீதும் சுமத்தினோர் பலர். அப்பழி எவ்வளவு பொருந்தும் என்பது இன்றும் வாதத்துக்குரியது. தீர்ப்போ வாதத்துக்குக் காத்திருக்கவில்லை. கிறிஸ்தவராயிருந்தும் பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலை வணங்கச் சென்றிருந்தவரை, 1975 ஜூலை 27 ஆம் நாள், கோயில் வாசலிலேயே சுட்டுக் கொன்றனர். அளவெட்டிக்கு மேற்கே, அத்துணைத் தொலைவில் இல்லாத ஊர் அது. அக்கொலைக்கு விடுதலைப் புலிகள் 1978 இல் பகிரங்கமாக உரிமைகோரினர்.

பட்டணத்தின் அப்பகுதியை ஒருமுறை கால்நடையாகச் சுற்றிவருதல் நன்று. முற்றவெளி, முனியப்பர் கோயில், சுப்பிரமணியம் பூங்கா, நூலகம், அதன் அருகே துரையப்பா அரங்கு. சற்று அப்பால் வீரசிங்கம் மண்டபம். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயும் கூட்டுறவு இயக்கத்தின் தூணாயும் விளங்கி, 1952 இல் வட்டுக்கோட்டைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற வ. வீரசிங்கத்தின் பெயர் அது. அப்பெயரைச் சொல்லும்போது எவருடைய முகமும் கறுப்பதில்லை. அம்மண்டபத்தின் முன்னேதான் 1974 இன் துயரம் நிகழ்ந்தது. மாண்டோரின் நினைவுச் சின்னமும் அங்கேயே நிற்கிறது. பழி சுமத்தப்பட்டவரின் பெயரும், பலியானோரின் நினைவும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எந்த நகரத்திலும் இத்தகைய அயல் எளிதிற் கிட்டாது.

அரங்கும் சுகமாய் இருந்துவிடவில்லை. போர் அதனைச் சிதைத்தது. 1999 இல் அங்கு நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவர்களுடைய பெயர்களை எந்தப் பலகையும் தாங்கவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். இந்திய உதவியுடன் புதுக்கப்பட்ட அரங்கு 2016 ஜூன் 18 இல் திறக்கப்பட்டது. சனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரில் வந்திருந்தார். இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி புதுடில்லியிலிருந்து காணொளி வழியாகக் கலந்துகொண்டார். அவர்கள் திறந்துவைத்ததும் துரையப்பா அரங்கு என்ற பெயரிலேயே.

துரையப்பாவை வெறுத்தோரின் பேரப்பிள்ளைகளும் விரும்பியோரின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே கோட்டில் நின்று ஓடுகிறார்கள். ஓடிக் களைத்துத் திரும்பும் பிள்ளை, "ஆர் அந்தத் துரையப்பா?" என்று ஒருநாள் கேட்கக்கூடும். அன்று வீட்டு முதியோர் 56 வாக்குகளையும், நூலகத் திறப்பையும், முற்றவெளியின் அந்த இரவையும், பொன்னாலைக் கோயில் வாசலையும், ஒன்றையும் விடாது சொல்லவேண்டியிருக்கும்.